வேறு எண்

சமையல் மேசையில் செய்தித்தாள் விரித்து
ஹல்வரின் துப்பாக்கியைக் கிடத்தினேன்.

ஹல்வர் சாகவில்லை.
ட்ரோம்ஸோவில் படகு விற்கிறான், நலம்.
குன்வோரை விட்டுப் போன அன்று
பனிச்சறுக்குக் கட்டைகளை எடுத்துக்கொண்டான், நாயை எடுத்துக்கொண்டான்,
இதை நிலவறையில் விட்டான்.
துருவை யார் சுமப்பது.

பெயர் மாற்றப் படிவம் நான்கு பக்கம்.
முந்தைய உரிமையாளர் உங்களுக்கு என்ன உறவு
என்ற கட்டத்தை
வெறுமையாக விட்டு அனுப்பினேன்.
யாரும் கேட்கவில்லை.

முதலில் தோட்டா இல்லையென்று கண்ணால் பார்த்தேன்.
பிறகு சுண்டுவிரலை விட்டுப் பார்த்தேன்.
இந்த ஒரு விஷயத்தில்
என் கண்ணை நான் நம்புவதில்லை.

போல்ட் அசையவில்லை.
எண்ணெய் விட்டு ஒரு இரவு சும்மா இருந்தேன்.
காலையில் இரண்டு விரலுக்கே
வந்துவிட்டது.

குழலில் புனல் வைத்துக் கொதிநீர் ஊற்றினேன்.
வாளியில் காப்பி நிறம்.
பித்தளைத் தூரிகை, துணித்துண்டு, தூரிகை, துணித்துண்டு.
கறுப்பு, பழுப்பு, பழுப்பு,
பதினேழாவது துணியில் பச்சை:
செம்பு கரைகிறது.
ஜன்னலுக்கு நேரே பிடித்து உள்ளே பார்த்தேன்.
வரிகள் சுழன்று சுழன்று போய்
மறுமுனையில் பட்டாணியளவு ஃபியோர்டு,
அதில் பாதி
பக்கத்து வீட்டுக் கொட்டகை.

பக்கவாட்டு அழுக்கைத் துடைத்தபோது
ஒரு கழுகு எழுந்தது.
அதன் காலடியில் இருந்ததை
யாரோ அரத்தால் ராவியிருந்தார்கள், அவசரமில்லாமல்.
நாற்பத்து நான்கில் இந்தக் கரையின் வீடுகளையெல்லாம்
கொளுத்திவிட்டுப் போனவர்களின் இரும்பு.
திரும்பி வந்தவர்கள் சாம்பலைக் கிளறி
இதை எடுத்தார்கள், கலைமான் சுட்டார்கள்.
பசித்தது.

உடலில் எண் 9082.
போல்ட்டில் 4417.
கண்ணாடியை மாற்றிப் போட்டும் அதே 4417.

ஆந்தேயிடம் அளவுக்கட்டைகள் இரவல் வாங்கினேன், இரண்டு.
ஒன்றின்மேல் மூட வேண்டும்.
மற்றதன்மேல் மூடக் கூடாது.
மூட வேண்டியதில் மூடியது.
கூடாததில் நின்றது.
நான் ஒரு காப்பி போட்டுக் குடித்தேன்.

சுடும் ஊசியின் சுருள்வில் தளர்ந்திருந்தது.
புதியது அஞ்சலில் வந்தது, நூற்றெண்பது குரோனர்.
உள்ளே திணிக்கையில் துள்ளி
அடுப்புக்குப் பின்னால் ஓடி ஒளிந்தது.
அரைமணி நேரம் தரையில் படுத்துத் தேடியதை
இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

கட்டையில் ஒரு பள்ளம், கட்டைவிரல் அகலம்.
ஈரத்துணியை மடித்து வைத்து
இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினேன்.
ஸ்ஸ்ஸ் என்றது. நனைத்தேன். மறுபடி.
நான்காம் முறையில் மரம் நிமிர்ந்தது.
மேலே ஆளிவிதை எண்ணெய், உள்ளங்கைச் சூட்டில் தேய்த்து.

மருத்துவமனை இரவுப்பணி முடிந்து வந்த குன்வோர்
கோட்டைக் கழற்றாமலே
கட்டையைத் தடவினாள்.
இங்கே ஒன்று இருந்ததே.
இருந்தது.
வாசற்படியில் நான் எறிந்தது அது. அவன்மேல்.
படவில்லை.

ஆவி பட்டால் மரம் பழையபடி எழும்பிவிடும், என்றேன்.
மரம், என்றாள்.
கையைக் கழுவப் போனாள்.
குழாய் வெகுநேரம் ஓடியது.

சுடுவது அவள்தான். எனக்கு இரைச்சல் ஆகாது.
எல்க் பருவத்துக்கு முந்தைய சனிக்கிழமை
சுடுதளத்தில் பாதிக்காதை மூடியபடி பின்னால் நின்றேன்.
ஐந்து குண்டு. ஐந்தும் அட்டையில்.
ஐந்தும் இடப்பக்கம் ஒரு சாண் தள்ளி,
ஒரு முட்டியில் அடங்கும் நெருக்கத்தில்.

எப்போதும் இப்படித்தான் இது, என்றாள்,
போல்ட்டைத் திறந்து காட்டியபடி.

இன்றிரவு பித்தளைச் சுத்தியால்
முன்குறியை மயிரிழை தட்ட வேண்டும்,
இடப்பக்கமாகவே.
எந்தப் பக்கம் தவறுகிறதோ
அந்தப் பக்கம்தான் நகர்த்துவது.
எனக்கு இது விளங்கச்
சில வருடம் ஆனது.